படுதா கட்ட லாரி மேலே ஏறுபவருக்கு எந்த பெல்ட் வாங்குவது?

உர மூட்டை குடோனில் சூப்பர்வைசராக இருக்கிறீர்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது லாரி லோடு ஆகிறது. போன வாரம் படுதா போட மேலே ஏறிய கிளீனர் தவறி விழுந்து கை உடைந்துவிட்டது. முதலாளி சேஃப்டி பெல்ட் வாங்கித் தருகிறேன் என்கிறார், எந்த பெல்ட் நல்லது, எத்தனை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பெல்ட்டைப் பற்றி இருந்தாலும், கடைசி வரியில் “இனி ஒருத்தரும் விழக்கூடாது” என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் உங்கள் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்று இல்லை. நல்ல பெல்ட்டே வாங்கினாலும், அதை நீங்கள் நினைக்கிற விதத்தில் மாட்டினால், விழுகிறவர் தரையில்தான் வந்து விழுவார்.

நான் தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் தொழிற்பாதுகாப்புப் பட்டயம் படித்துவிட்டு, இருபத்திரண்டு வருடம் சேஃப்டி ஆபீசராக வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி சிமெண்ட் ஆலை டெஸ்பாட்ச் யார்டில். லோடு ஆகி வெளியே போகக் காத்திருக்கும் லாரிகளின் நடுவில்தான் என் பாதி நாள் போகும். கிரஷர், கன்வேயர், கொதிகலன் என்று ஆலைக்குள் எத்தனையோ ஆபத்து உண்டு. ஆனால் என் காலத்தில் மனிதர்கள் அதிகம் அடிபட்டதை நான் பார்த்த இடம் யார்டு. அதிலும் படுதா கட்டும் நேரம். எந்திரத்துக்கு வேலி இருந்தது. லோடு மேல் நின்றவருக்கு எதுவும் இல்லை.

முதலில் பெல்ட் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மூட்டை லோடு ஏற்றிய லாரியின் உச்சி தரையிலிருந்து சுமார் 12 அடி, அதாவது 3.7 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கடையில் கிடைக்கும் முழு உடல் பெல்ட்டோடு வரும் கயிறு பெரும்பாலும் 1.8 மீட்டர் நீளம். அதன் நடுவில் தையல் போட்ட ஒரு சிறு பொட்டலம் இருக்கும். விழும்போது அந்தத் தையல் பிரிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், அப்போது கயிறு இன்னும் 1.75 மீட்டர் வரை நீளலாம். முதுகில் கொக்கி மாட்டும் வளையத்திலிருந்து ஆளின் பாதம் வரை ஒரு 1.5 மீட்டர். பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு மீட்டராவது மிச்சம் வேண்டும். எல்லாம் கூட்டினால் 6 மீட்டருக்கு மேல். கயிறு எங்கே கட்டியிருக்கிறதோ அங்கிருந்து கீழே இவ்வளவு இடம் காலியாக இருந்தால்தான் அந்த பெல்ட் ஆளைப் பிடித்து நிறுத்தும். லோடு மேல் நிற்பவர் தன் காலடியில் இருக்கும் கயிற்றிலோ லாரி பாடி கொக்கியிலோ மாட்டினால், கீழே இருப்பது 3.7 மீட்டர்கூட இல்லை. தையல் முழுதாகப் பிரியும் முன்பே அவர் தரையைத் தொட்டுவிடுவார். போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் ஓரத்துக்கு வேறு போவார். அதனால்தான் வெறும் பெல்ட் வாங்கிக் கொடுப்பதை நான் ஆபத்தான உதவி என்று சொல்கிறேன்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுவதை இதைவிடக் கண்டிப்பாகத் தடுங்கள். விழும் வேகம் முழுவதும் வயிற்றிலும் இடுப்பெலும்பிலும் இறங்கும். 12 அடியிலிருந்து விழ ஒரு நொடிகூட ஆகாது, தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். “பத்தடிதானே, குதிச்சே எறங்கலாம்” என்று சொல்லும் பையன்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் சுவரில் மோதினால் ஓட்டியவர் என்ன ஆவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஏன் விழுகிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் எதை மாற்ற வேண்டும் என்று புரியும். கால் வழுக்கி விழுவது ஒரு வகை, அதைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். நான் விசாரித்தவற்றில் மோசமாக அடிபட்டவை பெரும்பாலும் வேறு மாதிரி நடந்தவை. கயிற்றை இறுக்க ஆள் பின்னால் சாய்ந்து, உடம்பின் முழு எடையையும் கொடுத்து இழுப்பார். அந்த நேரத்தில் கயிறு அறும், அல்லது முடிச்சு நழுவும், அல்லது படுதாவின் கண் கிழியும். இழுத்துப் பிடித்திருந்த எதிர்ப்பு ஒரே கணத்தில் போய்விடும். ஆள் பின்பக்கமாக, தலை முதலில் போவார். கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது. 2009-ல் எங்கள் யார்டில் ஒரு கிளீனர் இப்படித்தான் விழுந்தார். இருபத்திரண்டு வயது. நைலான் கயிறு வெயிலில் காய்ந்து நார் நாராகப் போயிருந்ததை நான் விபத்துக்கு அப்புறம்தான் கையில் எடுத்துப் பார்த்தேன். தண்டுவடத்தில் அடி. அவர் அப்புறம் நடக்கவில்லை. அந்தக் கயிறு அன்று காலை என் கண் முன்னால் யார்டுக்குள் வந்தது, கேட்டில் லாரியின் ஹெட்லைட்டையும் ஹாரனையும் சோதித்த நாங்கள் கயிற்றைச் சோதிக்கவில்லை.

காற்று இன்னொரு காரணம். படுதாவை விரிக்கும்போது நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர் பரப்பு எழும்பி நிற்கிறது என்று வையுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அதில் நேராக அடித்தால் சுமார் 50 கிலோ எடைக்குச் சமமான தள்ளு விசை. ஆடி மாதக் காற்றில் இதற்கு மேலும் உண்டு. கையில் பிடித்திருப்பவர் விடமாட்டார், விட்டால் படுதா பறந்துவிடும் என்ற பயம். படுதாவோடு சேர்ந்து அவரும் போவார். மூன்றாவது, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவது. விரித்த படுதாவின் அடியில் மூட்டை வரிசைகளுக்கு நடுவே பள்ளம் இருந்தாலும், கேபினுக்கும் லோடுக்கும் நடுவே சந்து இருந்தாலும் மேலே இருந்து பார்க்கச் சமமாகத்தான் தெரியும். உர மூட்டை பிளாஸ்டிக் நெசவுப் பை, தானாகவே வழுக்கும். அதன் மேல் ஈரப் படுதா, காலில் ரப்பர் செருப்பு என்றால் சொல்லவே வேண்டாம். ஓரத்து மூட்டை பாடி விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் மிதித்ததும் சரியும். ஏறும்போதும் இறங்கும்போதும் டயர், கதவுக் கொக்கி, கயிறு என்று எதை எதையோ பிடித்துத்தான் ஏறுகிறார்கள், அதில் விழுவதும் நிறைய.

இத்தனைக்கும் பொதுவான ஒன்று, மேலே ஒரு ஆள் நிற்பது. அதனால் முதலில் யோசிக்க வேண்டியது, அவர் மேலே போகாமலே படுதா விழுமா என்பதுதான். பிரிட்டனில் உயரத்தில் செய்யும் வேலைக்கென்று 2005-ல் வந்த விதிகள் இதே வரிசையைத்தான் சட்டமாகவே சொல்கின்றன: உயரத்தில் வேலையைத் தவிர்க்க முடிந்தால் தவிர், முடியாவிட்டால் விழாதபடி தடு, அதுவும் முடியாவிட்டால் விழுந்தால் அடி குறையும்படி செய். பெல்ட் அந்த வரிசையில் கடைசிப் படி. நாம் எப்போதும் கடைசிப் படியிலிருந்து ஆரம்பிக்கிறோம், கடையில் போய் வாங்கிவிடலாம் என்பதால்.

சரி, உங்கள் குடோனுக்கு என்ன செய்யலாம்? மூடிய கன்டெய்னர் பாடி வண்டிகளை மட்டும் எடுப்பது முதல் வழி. எல்லா வண்டிக்கும் நடக்காது என்று தெரியும், ஆனால் தினமும் ஒரே ஊருக்குப் போகும் ஒப்பந்த வண்டிகளுக்கு டிரான்ஸ்போர்ட்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஜல்லி, எம்-சாண்ட் டிப்பர்களுக்குத் தரையில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் பக்கவாட்டில் உருண்டு மூடும் அமைப்பு உண்டு. மூட்டை லோடு பாடியின் மட்டத்தைத் தாண்டி உயரமாக இருக்கும் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது. சிமெண்டில் பல்க்கர், அதாவது மூட்டை போடாமல் தூளாகவே ஏற்றிப்போகும் டேங்கர் வந்தபோது படுதாத் தொல்லை ஒழிந்தது என்று நாங்களும் நினைத்தோம். அப்புறம் பார்த்தால் உச்சி மூடியைத் திறக்க ஆள் டேங்கர் முதுகில் ஏற ஆரம்பித்திருந்தார். ஒரு உயரத்தை எடுத்தால் இன்னொரு உயரம் எங்காவது முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது வழி, தரையிலிருந்து இழுத்து மூடுவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் செலவு குறைவு, நாளைக்கே முயற்சி செய்யலாம். 30 அடிக்கு 24 அடி படுதா கிட்டத்தட்ட 67 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் தார்ப்பாய் என்றால் மொத்தம் 17 கிலோ, 500 கிராம் கித்தான் என்றால் 33 கிலோ, நனைந்தால் இன்னும் கூடும். அதை மேலே தூக்கிப்போட்டு ஒரு ஆள் நடந்து நடந்து விரிப்பதுதான் வழக்கம். மாற்றாக, படுதாவைப் புடவைக் கொசுவம் மாதிரி முன்னும் பின்னுமாக மடிக்க வேண்டும், சுருட்டக் கூடாது. சுருட்டினால் இழுக்கும்போது உருளும், மடிப்பு என்றால் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். வண்டி காலியாக இருக்கும்போதே, ஆள் பாடித் தரையில் நின்றபடி, படுதாவின் முன் விளிம்பைக் கேபினுக்குப் பின்னால் இருக்கும் முன்பலகையோடு கட்டிவிடலாம். மடிப்பு அங்கேயே முன்பலகையில் தொங்கிக்கொண்டிருக்கும். பின் விளிம்பின் இரண்டு மூலையிலும் லாரி நீளத்தைவிட அதிகமான கயிறு கட்டி, பாடியின் இரண்டு பக்கமும் வெளியே விட்டுவிடுங்கள். லோடு ஆனபின் மடிப்பை மேலே எடுத்து வைப்பதற்கு ஃபோர்க்லிஃப்ட் இருந்தால் பலகையில் வைத்துத் தூக்கிக்கொடுக்கலாம், இல்லாவிட்டால் நீளக் கம்பு போதும். அப்புறம் இரண்டு பேர் இரண்டு பக்கமும் தரையில் நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் பின்பக்கம் நடக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் முட்களில் ஆளை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். பலகை மேல் நின்றுகொண்டு போவதை நான் பல குடோன்களில் பார்த்திருக்கிறேன், அது லோடு மேல் நிற்பதைவிட மோசம்.

இது நடக்க லோடு அடுக்கும் முறை கொஞ்சம் மாற வேண்டும். மேல் வரிசை மூட்டைகள் ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே இருக்கட்டும். நடுவில் நீளவாக்கில் ஒரு வரிசை மூட்டை கூடுதலாக, வீட்டுக் கூரையின் முகடு மாதிரி. படுதா மூலைகளில் மாட்டாமல் வழுகி வரும், மழைத் தண்ணீரும் தேங்காமல் வடியும். லோடுமேன்கள் முதலில் முணுமுணுப்பார்கள். எங்கள் யார்டிலும் முதல் வாரம் பாதி வண்டியில் படுதா நடுவழியில் சிக்கிக்கொண்டது, டிரைவர்கள் பொறுமை இழந்து மேலே ஏறிவிட்டார்கள். சிக்கியது பெரும்பாலும் நீட்டிக்கொண்டிருந்த மூட்டைக் காதுகளில்தான். அடுக்கு சரியானபின் சிக்கல் குறைந்தது. உங்கள் இடத்தில் எந்த அளவு ஒத்துவரும் என்பதை நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மூட்டை லோடில், மேல்மட்டம் ஒழுங்காக இருந்தால் வரும். டிரம், பைப், எந்திரம் என்று மேடும் பள்ளமுமான லோடில் வராது, அங்கே இதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

கயிறு கட்டுவதையும் தரைக்கே கொண்டுவரலாம். சின்னத் துணிப்பையில் அரைக்கிலோ மணல் போட்டு ஒல்லியான கயிற்றின் நுனியில் கட்டி, குரல் கொடுத்துவிட்டு லோடுக்கு மேலாக அந்தப் பக்கம் வீச வேண்டும். கல் கட்டி வீசாதீர்கள், எதிர்ப்பக்கம் நிற்பவர் மண்டை உடையும். ஒல்லிக் கயிறு போனபின் அதோடு பெரிய கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். இறுக்குவதற்கு ரேச்செட் பட்டை வாங்கச் சொல்லுங்கள். தரையில் நின்று பிடியை முன்னும் பின்னும் ஆட்டினாலே இறுகும், பின்னால் சாய்ந்து உடம்பைக் கொடுத்து இழுக்கிற வேலையே இல்லை. உங்கள் முதலாளி பெல்ட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் இதை வாங்கினால் பயன் அதிகம் என்பது என் அபிப்பிராயம். பழைய கயிறுகளைக் கேட்டிலேயே பார்த்து, நார் பிரிந்திருந்தால் வெட்டிப் போடுங்கள். திருப்பிக் கொடுத்தால் அடுத்த குடோனில் கட்டுவார்கள்.

மூன்றாவது வழி மேடை. பதினைந்து இருபது வண்டி ஆகிற இடத்துக்கு இது நியாயமான செலவு என்றே நினைக்கிறேன். லாரி நடுவில் வந்து நிற்க, இரண்டு பக்கமும் லோடு உச்சிக்குச் சற்றுக் கீழான உயரத்தில் நீள நடைமேடை. வெளிப்பக்கம் ஒரு மீட்டருக்குக் குறையாத கைப்பிடிக் கம்பி, நடுவில் இன்னொரு கம்பி, பாதம் வெளியே போகாமல் கீழே ஒரு பட்டை. ஏற ஒழுங்கான படிக்கட்டு. ஆள் மேடையில் நின்றே படுதாவை அந்தப் பக்கம் தள்ளவும் இழுக்கவும் செய்வார், லோடு மேல் கால் வைக்க மாட்டார். இதில் எல்லோரும் கோட்டை விடும் இடம், மேடைக்கும் லோடுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. ஆறு சக்கர வண்டிக்கும் பதினான்கு சக்கர வண்டிக்கும் உயரமும் அமைப்பும் ஒன்றாக இருக்காது. இடைவெளி ஒரு அடிக்கு மேல் போனால் ஆள் அதற்குள் விழுவார். உள்பக்கமும் கம்பி போட்டு, கீல் வைத்து மடக்கும் பலகையால் அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். ஆள் மேடையில் இருக்கும்வரை லாரிச் சாவி உங்கள் கையில் இருக்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பேச்சுச் சத்தத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு டிரைவர் வண்டியை எடுத்த சம்பவம் எனக்குத் தெரியும்.

இதெல்லாம் முடியாத வண்டிக்குத்தான் பெல்ட். அதுவும் தலைக்கு மேலே மாட்டும் வகை. வண்டி நிற்கும் இடத்துக்கு மேலே நீளவாக்கில் இரும்புத் தண்டவாளமோ எஃகுக் கம்பியோ அமைத்து, அதில் ஓடும் ஃபால் அரெஸ்டர் பிளாக் மாட்ட வேண்டும். கார் சீட் பெல்ட் மாதிரி மெதுவாக நடந்தால் விட்டுக்கொடுக்கும், வெடுக்கென்று இழுபட்டால் பூட்டிக்கொள்ளும். கயிறு தொய்வாக இல்லாததால் ஆள் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடுவார், 12 அடியிலும் இது வேலை செய்யும். முழு உடல் பெல்ட்டில் ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். பக்கவாட்டில் ரொம்பத் தள்ளிப்போய் விழுந்தால் ஊஞ்சல் மாதிரி ஆடிப்போய் லாரியிலேயே மோதுவார், ஆகையால் தண்டவாளம் வண்டியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி, ஒரு ஆள் மாட்டும் இடம் 5,000 பவுண்டு, அதாவது 2,200 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும் என்கிறது. விழும் உடம்பு கொடுக்கும் அதிர்ச்சி அப்படிப்பட்டது. உங்கள் ஷெட் கூரையின் குறுக்குச் சட்டங்கள் தகரத்தைத் தாங்கப் போட்டவை. அவை இதைத் தாங்குமா என்பதை நேரில் பார்க்காமல் நானும் சொல்ல முடியாது, வெல்டரும் சொல்லக் கூடாது. ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அப்புறம், விழுந்து தொங்குகிறவரை எப்படி இறக்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து ஏணியைப் பக்கத்தில் வையுங்கள். பெல்ட்டில் அசையாமல் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம்.

ஹெல்மெட் பற்றி ஒரு வார்த்தை. போடட்டும், கட்டாயம் போடட்டும், தாடைப் பட்டை மாட்டியபடி. பட்டை மாட்டாத ஹெல்மெட் ஆள் தரைக்கு வரும் முன் தனியாக வந்துவிடும். ஆனால் சாதாரண ஆலை ஹெல்மெட் மேலிருந்து விழும் பொருளுக்காகச் சோதிக்கப்படுவது. 12 அடியிலிருந்து பின்மண்டை அடிபட விழுந்தால் அது எவ்வளவு காக்கும் என்று உறுதி தர யாராலும் முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்று, மின்கம்பி. தெருவின் குறுக்கே போகும் தாழ்வழுத்தக் கம்பிக்கு விதிப்படி குறைந்தபட்ச உயரம் 5.8 மீட்டர், அதாவது 19 அடி. 12 அடி லோடு மேல் நிற்கும் ஆள் கையை உயர்த்தினால் 7 அடி. கூட்டிப் பாருங்கள், சரியாக 19. விதிப்படி கட்டிய கம்பியே கைக்கு எட்டுகிறது, தொய்ந்த கம்பி என்றால் தலைக்கே எட்டும். உயர் அழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், அருகில் போனாலே போதும். குடோனில் இடமில்லை என்று லாரியை வெளியே சாலையோரம் நிறுத்திப் படுதா கட்டச் சொல்வது பல இடங்களில் வழக்கம். உங்கள் கேட்டுக்கு வெளியே மேலே என்ன போகிறது என்று இன்றைக்கே நிமிர்ந்து பாருங்கள்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் மாறுவதில்லை என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். லோடு மேல் நிற்கும் அந்த ஆள் யாருடைய ஆள் என்பதில்தான் சிக்கல். குடோன் அவரை லாரிக்காரரின் ஆள் என்கிறது. லாரி முதலாளி நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ இருப்பார், இந்த யார்டை அவர் பார்த்ததே இருக்காது. டிரைவருக்கு இன்று இரவுக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும். பில் போட்டாச்சு, எடை போட்டாச்சு, படுதா கட்டினால் கிளம்பலாம் என்ற அந்தக் கடைசி அரை மணி நேரம் யாருடைய கணக்கிலும் இல்லை. கிளீனர் பையன் அந்த நேரத்தில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்தவனாக இருப்பான். சட்டம் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-ஆம் பிரிவே, விழக்கூடிய உயரத்தில் யார் வேலை செய்தாலும் வேலி போட்டோ வேறு விதத்திலோ இயன்றவரை பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. வேலையின்போது நேர்ந்த காயத்துக்கு, முதலாளி தப்பு செய்தார் என்று நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கலாம் என்பது அதன் அடிப்படை. உங்கள் கிளீனருக்குக் கை உடைந்த செலவை யார் ஏற்றார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் வக்கீல் இல்லை, அவருடைய விஷயத்தில் பொறுப்பு லாரி முதலாளிக்கா, குடோனுக்கா, இருவருக்குமா என்பதை ஆவணங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒரு முறை போய்க் கேட்கச் சொல்லுங்கள். அவர் போக முடியாத நிலையில் இருந்தால் நீங்கள் கூடப் போங்கள்.

ஒருவேளை இன்னொருவர் விழுந்துவிட்டால், கை கால்களைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடாதீர்கள். கழுத்தோ முதுகோ உடைந்திருந்தால் அந்தத் தூக்கலில்தான் தண்டுவடம் சேதமாகும். 2009-ல் விழுந்த அந்தப் பையனை நான்கு பேர் சேர்ந்து தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள், நல்ல மனதோடு, அவசரத்தோடு. விழுந்ததில் எவ்வளவு சேதம், தூக்கியதில் எவ்வளவு சேதம் என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. படுத்தபடியே இருக்கட்டும், தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். மூச்சு நின்றிருந்தாலோ பக்கத்தில் வேறு ஆபத்து இருந்தாலோ மட்டும் நகர்த்தலாம். எழுந்து நடந்துவிட்டாலும் தலையில் அடி என்றால் மருத்துவமனைக்குப் போகாமல் வண்டியில் ஏற்றி அனுப்பக் கூடாது. மண்டைக்குள் ரத்தக் கசிவு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம்.

மேற்கொண்டு சொல்ல எனக்கு நான்கு விவரம் வேண்டும். லாரி நிற்கும் இடத்தில் தரையிலிருந்து கூரைச் சட்டம் வரை எவ்வளவு உயரம், இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது, ஃபோர்க்லிஃப்ட் உண்டா, ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை வண்டி படுதா கட்டுகிறது. டேப் வைத்து அளந்து எழுதுங்கள். மேடைக்கு ஒரு தோராய வரைபடம் போட்டுத் தருகிறேன், அதைப் பொறியாளரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். அதுவரை காற்று அடிக்கும்போதும் மழையிலும் இருட்டிலும் மேலே ஏறுவதை நிறுத்தி வையுங்கள். லாரி ஒரு மணி நேரம் தாமதமாகப் போகட்டும்.